இளவயதுச் சாம்பல்

எங்கள் தெருவில் யாருக்கும் தன் வயது தெரியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நெல்லுக்கு வயது தெரியும். குறுவைக்கு எத்தனை நாள், சம்பாவுக்கு எத்தனை நாள் என்று எந்தப் பொம்பளையை எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். நட்டவளுடைய வயதைத்தான் யாரும் கேட்டதில்லை. ஓட்டர் பட்டியல் எடுக்க வருகிற வாத்தியார் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார், முப்பத்தைந்து என்று போட்டுக்கொள்வார். அடுத்த தேர்தலுக்கு வரும்போதும் அவளுக்கு முப்பத்தைந்துதான்.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் முதலில் கேட்டது டாக்டர் ஞானாம்பாளைப் பற்றி. நான் ஓட்டர் பட்டியலில் ஆரம்பிப்பது உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் விஷயமே வயதைப் பற்றியதுதான். வயதை விட்டுவிட்டுச் சொன்னால் ஏதோ பழிவாங்கல் போலத் தெரியும். அப்படி இல்லை. நான் யார் மீதும் கோபத்தில் எதையும் செய்யவில்லை. கோபம் இருந்தது, அது வேறு.

என் பெயர் வேம்பு. வலங்கைமானுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியும். அறுவடைக்கு அறுவடை உங்கள் வேன் வந்து நிற்கும் ஊர்தான். என் அப்பா சாமிதுரை அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களில் ஒருவர். அடித்தவர்களுக்கு ஜாமீன் கிடைத்தது, அடிபட்டவருக்கு ஜெயில் கிடைத்தது. திரும்பி வந்த பிறகு அவருடைய இடது கை அரிவாளைப் பிடிக்கவில்லை. நான் பத்தாவது படிக்கும்போது இறந்துபோனார். நான் கும்பகோணத்தில் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கினேன். எங்கள் தெருவின் முதல் பட்டதாரி. சங்கத்துக்காரர்கள் வந்து சிவப்புத் துண்டு போட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு ஆளும் கட்சிக்காரர்கள் மறுநாள் கட்சிக் கரை போட்ட துண்டோடு வந்தார்கள். இரண்டு பேருமே "நம்ம புள்ள" என்றார்கள். வேலை மட்டும் யாரும் போட்டுத் தரவில்லை.

வேலை கொடுத்தது டாக்டர் ஞானாம்பாள். மேடம் வீட்டு நிலத்தில்தான் அம்மா நடவுக்குப் போகிறாள். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அந்த நிலத்தில் பாதி ஒரு தர்ம அறக்கட்டளையின் பெயருக்குப் போனது. இன்னும் கொஞ்சம், பிறந்தே இராத பேரப்பிள்ளைகள் பெயருக்குப் போனது. இது ஊரறிந்தது. ஆனால் மேடம் நல்லவர். தஞ்சாவூரில் அவருடைய ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு அறைகள், கீழே தன் அப்பா பெயரில் இலவச வார்டு, பின்கட்டில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். அந்த ஆய்வுக்கூடத்தில் நான்தான் எல்லாம்.

மேடத்தின் ஆராய்ச்சி எளிமையானது. பெண்ணுக்கு வயது ஏற ஏற அவளுடைய கர்ப்பப்பையில் இருக்கும் தாது உப்புகள் எப்படி மாறுகின்றன. சுண்ணாம்புச் சத்து, இரும்பு, துத்தநாகம் என்று ஒவ்வொன்றும் கூடுகிறதா குறைகிறதா. ஆபரேஷனில் எடுத்ததிலிருந்து ஒரு துண்டைக் கழுவி, உலர்த்தி, எடை பார்த்து, மின் உலையில் வைத்து எரிப்பேன். சதையெல்லாம் போய் வெள்ளையாகக் கொஞ்சம் சாம்பல் மிஞ்சும். ஒரு விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவு. அதை அமிலத்தில் கரைத்துச் சுடரில் தெளித்தால் கால்சியம் செங்கல் நிறத்தில் எரியும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்பதைக் கருவி சொல்லும். வெந்நீர் அண்டாவின் உள்பக்கத்தில் வருஷக்கணக்கில் உப்பு படிவதில்லையா, அந்த மாதிரி ரத்தக் குழாய்களின் சுவரில் சுண்ணாம்பு படியும் என்பார் மேடம்.

இரண்டு பக்கமாகப் பிரித்துக் கணக்கு வைத்திருந்தோம். ஒரு பக்கம் மேல்மாடிப் பெண்கள்: பண்ணை வீடு, நகைக்கடை வீடு, பேராசிரியர் மனைவி. அவர்களில் எல்லா வயதும் உண்டு. இன்னொரு பக்கம் இலவச வார்டு. அங்கே எல்லாம் கிழவிகள். கூலிக்காரப் பெண் கர்ப்பப்பை இறங்கி, நடக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவாள்.

"இலவச வார்டுல சின்ன வயசு ஒண்ணுகூட இல்லையே மேடம்" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவங்க ஏம்மா வரப்போறாங்க? சேத்துல நின்னு வேலை செய்யற உடம்பு. வைரம் பாஞ்ச கட்டை. மேல படுத்திருக்கறவங்க மாதிரி உக்காந்து உக்காந்து கெட்டுப்போனதா என்ன?"

பாராட்டாகத்தான் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வைரம் பாய்ந்த கட்டையை யாரும் நிழலில் உட்காரச் சொல்வதில்லை சார். முட்டிவரை தண்ணீரில், குனிந்த இடுப்போடு, நாள் முழுக்கப் பின்னாலேயே நகர்ந்துகொண்டு நடுகிற பெண்ணின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமலேயே அதை வைரம் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டுக் கூலியைக் குறைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. எங்கள் பெண்களின் கர்ப்பப்பை முப்பது வயதிலேயே மேல்மாடிக்காரியின் அறுபது வயது அளவுக்குச் சுண்ணாம்பு ஏறிப் போயிருக்கும். போயிருக்க வேண்டும். அதை எண்ணாக்கிக் காட்டிவிட்டால் யாராலும் மறுக்க முடியாது. தாசில்தார் முன்னால் கூலிப் பேச்சுவார்த்தை நடக்கும்போது எங்கள் சங்கத் தலைவர் ஐயாவு அண்ணன் மேசையைத் தட்டிப் பேசுவார். மேசை உடைந்ததுதான் மிச்சம். நான் மேசைமேல் சாம்பலை வைக்க நினைத்தேன்.

ஆபரேஷனுக்கு முதலில் போனது என் அம்மா. இதில் என் தவறு ஏதுமில்லை. அம்மாவுக்கு நிஜமாகவே கட்டி இருந்தது, மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. மேடமே ஆபரேஷன் செய்தார். அடுத்த சம்பா நடவுக்கு அம்மா எழுந்து போய்விட்டாள். அங்கே என்ன நடந்தது என்பதை நான் வரப்பில் நின்று கேட்டேன்.

"தங்கம்மா அக்காவுக்கு என்ன, கொடுத்து வச்சவ. துணி அலசுற வேலை இல்ல, தூரமும் இல்ல."

"இடுப்பு வலி போயிருச்சாக்கா?"

"போயிருச்சுடி" என்றாள் அம்மா. "இறக்கி வச்ச சுமை மாதிரி இருக்கு."

"மூணு பெத்தாச்சு. நான் மட்டும் என்னத்துக்குக் கடையைத் தொறந்து வச்சிருக்கேன்?" என்றாள் அம்சவல்லி.

"உன் புருஷன் யாவாரத்துக்கு வர்றானே, அவன்கிட்டக் கேட்டியா?"

"அவன் கடன் சொல்றவன்டி. கடையைச் சாத்துனா நல்லதுதான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஒருத்தி சிரித்த வேகத்தில் நாற்றுக் கட்டைத் தவறவிட்டாள்.

நடவு வரிசையைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எல்லோரும் தோளோடு தோளாக நின்று ஒரே வேகத்தில் பின்னால் நகர வேண்டும். ஒருத்தி பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் கையை நிறுத்தமாட்டார்கள்; அவளைச் சுற்றி நட்டுக்கொண்டே போய்விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் பச்சைக்கு நடுவே வெறும் சேற்றுத் திட்டில் தனியாக நிற்பாள். கேலி பேசுவார்கள், பாட்டுக் கட்டுவார்கள். விளையாட்டுத்தான். ஆனால் அந்தத் திட்டில் நின்றவளை அடுத்த தடவை கூலிக்குக் கூப்பிடுவதற்குப் பண்ணையின் ஏஜெண்டு யோசிப்பார். அதனால் மாதத்தில் அந்த நாட்களிலும் யாரும் பின்தங்குவதில்லை. கால் வழியாக இறங்குவது தண்ணீரோடு போகும். வரிசை நகரும்.

அதனால் எங்கள் பெண்கள் எதையும் வரிசையாகத்தான் செய்வார்கள். ஒருத்தி மூக்குத்தி மாற்றினால் எல்லோரும் மாற்றுவார்கள். ஒருத்தி சீட்டு கட்டினால் எல்லோரும் கட்டுவார்கள். நான் யாரையும் இழுத்துக்கொண்டு போகவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். எனக்குத் தேவைப்பட்டது அம்சவல்லி ஒருத்திதான். அவள்தான் வரிசையின் தலைப்பில் நிற்பவள்.

"எனக்கும் வெள்ளை படுது வேம்பு" என்று அவளாகத்தான் வந்து கேட்டாள். "பாத்துச் சொல்லேன்."

ஒரு மருந்தில் ஆறுகிற விஷயம் அது. எனக்குத் தெரியும். நான் சொன்னது வேறு: "இப்படியே விட்டா புத்து ஆயிடும் அக்கா. எடுத்துடறது நல்லது."

காகிதம் எதுவும் இல்லை. நீங்கள் என் வீட்டிலும் ஆய்வுக்கூடத்திலும் தேடிப் பார்த்தீர்கள். அந்தச் சிரமத்தை நான் தவிர்த்திருப்பேன், என்னைக் கேட்டிருந்தால். நான் எழுதிக் கொடுத்து ஏமாற்றவில்லை. வாய்ச்சொல்தான். தெருவின் முதல் பட்டதாரியுடைய வாய்ச்சொல். அதைவிட வலுவான காகிதம் எங்கள் பக்கம் அச்சடிக்கப்படவில்லை.

மேடத்திடம் அனுப்ப முடியாது. அவர் பார்த்தால் மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். அதனால் வலங்கைமான் கடைத்தெருவில் சின்னதாக ஒரு நர்சிங் ஹோம் வைத்திருக்கும் டாக்டர் ரெங்கசாமியிடம் போனேன். குடும்பக் கட்டுப்பாடு முகாம்களில் பெயர் வாங்கியவர். முகாம் இல்லாத நாட்களில் கை சும்மா இருப்பது அவருக்குப் பிடிக்காது. ஆய்வுக்கூடத்திலேயே சோதித்தாகிவிட்டது, ஆபரேஷன் மட்டும்தான் பாக்கி என்றேன். "ஆராய்ச்சிக் கட்டுரையில உங்க பேரும் வரும் டாக்டர்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இனிஷியலை மட்டும் சரியாப் போடச் சொல்லும்மா, கே.எஸ்." என்றார். நோயாளியைப் பற்றிக் கேட்டதைவிட இனிஷியலைப் பற்றி அதிக நேரம் பேசினோம்.

அம்சவல்லிக்குப் பிறகு வரிசை வந்தது. அவளோடு சேர்த்துப் பதினோரு பேர்.

எடுத்ததை ஃபார்மலினில் போடக் கூடாது. உப்பு கரைந்து வெளியே போய்விடும். எவர்சில்வர் தூக்கிலும் வைக்கக் கூடாது, உலோகம் கலந்துவிடும். பிளாஸ்டிக் டப்பாதான் சரி. கோடியக்கரைப் பக்கமிருந்து மீன் கொண்டுவருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டில் பெட்டி இறக்குவார்கள், அவர்களிடம் கேட்டு ஐஸ் வாங்கிக்கொள்வேன். தஞ்சாவூர் பஸ்ஸில் ஒரு தடவை கண்டக்டர், "என்னம்மா, மீனா? மடியில ஒழுகுது பாரு" என்றார். "ஆமாண்ணே, வஞ்சிரம்" என்றேன். "படிச்ச புள்ள, நல்ல மீனாத்தான் வாங்கும்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சொன்னார்.

வயதைக் கண்டுபிடிப்பதில்தான் நான் உண்மையாக உழைத்தேன். இதை மேடமே செய்ததில்லை. இலவச வார்டில் ஆயா சொல்லுகிற வயதைத்தான் அவர் எழுதிக்கொள்வார். முப்பது வருஷ ஆராய்ச்சியாளர்கள்கூட இந்தத் தப்பைச் செய்கிறார்கள். எரிக்கும் சதையை மில்லிகிராம் வரை எடை போடுவார்கள், வயதை மட்டும் கண் மதிப்பில் போடுவார்கள். நான் ஒவ்வொருத்தியையும் உட்கார வைத்துக் கேட்டேன். நாகப்பட்டினத்தில் பெரிய புயல் அடித்தபோது நடந்தாயா, தவழ்ந்தாயா? ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போன தேர்தலில் உனக்குப் பல் விழுந்திருந்ததா? எமர்ஜென்சிக்கு முன்னால் சமைந்தாயா, பின்னாலா? அவர்களுக்கு அது பிடித்திருந்தது. தன்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு கேட்டு அவர்கள் பார்த்ததில்லை. "எனக்கு முப்பத்தொண்ணுதானாடி? நான் கெழவின்னு நினைச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே" என்று ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு ஆபரேஷன் அடுத்த வெள்ளிக்கிழமை.

எல்லாம் சேர்ந்தும் ஒரு குறை இருந்தது. எல்லோரும் இருபத்தெட்டுக்கு மேலே. சுண்ணாம்பு ஏறுகிறது என்று காட்ட வேண்டுமானால் ஏறத் தொடங்கும் இடம் வேண்டும். வரைபடத்தின் இடது ஓரம் காலியாக இருந்தது. அங்கே ஒரு புள்ளி வேண்டும். சின்ன வயது, சேற்றில் நின்ற உடம்பு, நோய் ஏதும் இல்லாதது.

செவ்வந்தி என் மாமன் மகள். இந்திப் போராட்டத்தில் பள்ளிக்கூடமெல்லாம் மூடிக்கிடந்த தை மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் பிறந்தோம். அவள் மூத்தவள், ஒரு வாரம். அஞ்சாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. பிறகு அவள் நடவுக்குப் போனாள். தெருவில் கேள்வி கேட்காமலே எனக்கு வயது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இருபத்து மூன்று. ஒரே ஒரு பெண் குழந்தை. புருஷன் பக்கிரி சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான், ஆடிக்கு வருவதாக எழுதியிருந்தான்.

வரிசையில் அவள் மட்டும் போகவில்லை. "எனக்கு ஒரு நோவும் இல்ல. நான் ஏன் போவணும்?" என்றிருக்கிறாள். அம்சவல்லி அவளைக் கிண்டல் செய்ததற்கு, "உங்களுக்கெல்லாம் புள்ளைங்க வீட்டை அடைச்சுக்கிட்டு நிக்குது. எனக்கு ஒண்ணுதான். அது தனியா வெளையாடுது, தனியா பேசிக்கிது. இன்னும் ரெண்டாவது வேணும்" என்றாளாம். நல்ல பதில். நோய் இல்லை என்று அவளே சொன்னது எனக்கு இன்னும் வசதியாக இருந்தது.

"சும்மா ஒரு டெஸ்ட்தான்" என்று கூட்டிக்கொண்டு போனேன். உள்ளிருந்து வழித்தெடுத்ததை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒன்றுமில்லை. பாடப் புத்தகத்தில் படம் போட வேண்டுமானால் அதைப் போடலாம். மூன்று நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"கெட்ட சதை இருக்கு செவ்வந்தி."

குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, அடுத்த உருண்டையை ஊட்டிவிட்டுத்தான் கேட்டாள்.

"மருந்துல ஆறாதா?"

"ஆறாது."

"அவரு வர்ற வரைக்கும் தள்ளிப்போட முடியாதா? ஒண்ணே ஒண்ணு பெத்துக்கிட்டு..."

"அதுக்குள்ள பரவிடும். இந்தக் குழந்தைக்கு அம்மா வேணுமா வேணாமா?"

குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு, "நீ பாத்தியா? உன் கண்ணால பாத்தியா?" என்றாள்.

"பார்த்தேன்."

"நீ பாத்தா சரி" என்றாள்.

டாக்டர் ரெங்கசாமிக்குக்கூட சந்தேகம் வந்தது. "தொட்டுப் பார்த்தா ஒண்ணும் தெரியலையேம்மா, வயசும் சின்ன வயசு" என்றார். "எங்க லேப்ல பார்த்தாச்சு டாக்டர்" என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. எடுக்கிறதுதான் எடுக்கிறோம் என்று மற்றவர்களுக்குச் செய்ததைப் போல முட்டைப்பைகளையும் சேர்த்தே எடுத்தார். அதை நான் கேட்கவில்லை. அது அவர் பொறுப்பு. நான் செய்யாததை என் மேல் எழுத வேண்டாம்.

இனி முடிவுக்கு வருகிறேன். ஆராய்ச்சியின் முடிவைச் சொல்கிறேன்.

செவ்வந்தியின் சாம்பல் மற்ற எல்லாவற்றையும்விட வெள்ளையாக இருந்தது. சுடரில் தெளித்தேன். மேல்மாடியில் அதே வயதில், திருப்பனந்தாள் பக்கத்துப் பண்ணை வீட்டுப் பெண் ஒருத்தியுடையது இருந்தது. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் எடுக்க வேண்டி வந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தன. அம்சவல்லியுடையதை அவள் வயது நகைக்கடைக்காரர் மனைவியுடையதோடு வைத்துப் பார்த்தேன். ஒன்றுதான். இரும்பில் வித்தியாசம் இல்லை, துத்தநாகத்தில் வித்தியாசம் இல்லை. வயதுக்கு வயது மாறியது. ஆளுக்கு ஆள் மாறவில்லை. பதினோரு பேரும், செவ்வந்தியும் சேர்த்து எல்லாவற்றிலும் இன்னொரு துண்டு எடுத்துத் திரும்ப எரித்தேன். சாம்பலில் பண்ணை எது, கூலி எது என்று பிரிக்க முடியவில்லை. எங்கள் ஊர்க் கூட்டங்களில் எல்லோரும் ஓர் குலம் என்று மேடைக்கு மேடை சொல்லுவார்கள். அதற்கு என்னிடம் முதல் தரமான ஆதாரம் இருந்தது. எனக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

செவ்வந்தியுடையதில் எரிக்காமல் வைத்திருந்த துண்டு ஒன்றை மேடம் பார்த்துவிட்டார்.

"இது யாரோடது?" என்றார். "இவ்வளவு நல்ல சதையை எந்த மடையன் எடுத்தான்?"

நான் சொன்னேன். மறைக்கவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஏன் வேம்பு?" என்றார். வைரம் பாய்ந்த கட்டை என்று அவர் சொன்னதை நினைவுபடுத்தினேன். அவருக்கு அது நினைவில் இல்லை. உங்களிடம் புகார் கொடுத்தது அவர்தான். அதை நீங்கள் வெளியே சொல்லாததால்தான் இத்தனை குழப்பம். இப்போது அவர் வீட்டு வாசலில் சங்கத்துக்காரர்கள் கொடி நட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "நிலத்தைத் திருடிய மிராசு, கர்ப்பப்பையையும் திருடியது" என்று சுவர் முழுக்க எழுதியிருக்கிறார்கள். நிலத்தைப் பற்றி எழுதியிருப்பது சரி. இரண்டாவது பாதி தப்பு.

அங்கே போய் ஐயாவு அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, அது நான் செஞ்சது."

"நீ சும்மா இரு பாப்பா. வெயில்ல நிக்காத, பந்தலுக்குள்ள வா."

"நான்தான் புத்துன்னு சொன்னேன். நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"அந்தம்மா இப்படிச் சொல்லச் சொல்லிச்சா? பயமுறுத்துனாங்களா?"

"யாரும் சொல்லலை."

"சாமிதுரை மகடி நீ. நம்ம புள்ள அப்படிச் செய்யாது" என்றார். பிறகு திரும்பி, "பாத்தீங்களா தோழர்களே, படிச்ச புள்ளையையே எப்படி மெரட்டி வச்சிருக்காங்க" என்று மைக்கில் சொன்னார். கோஷம் போட்டார்கள். அம்சவல்லியும் முன்வரிசையில் உட்கார்ந்து கோஷம் போட்டாள்.

அதனால்தான் சார் நானாக இங்கே வந்தேன். நீங்களும் மேடம் பெயரையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஒரு கூலிக்காரன் மகளுக்கு இவ்வளவு யோசிக்கத் தெரியாது என்று உங்களுக்கும் ஒரு எண்ணம் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். நோய் இல்லை என்று தெரிந்தே, நோய் என்று சொன்னேன். பதினோரு பேருக்கு அரைப்பொய், செவ்வந்திக்கு முழுப்பொய். யாரும் என்னைத் தூண்டவில்லை, அப்போது யாருக்கும் இது தெரியாது. அவர்களுக்காகத்தான் செய்தேன்.

அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். முட்டைப்பை இல்லாததால் கொஞ்சம் சிரமம். உட்கார்ந்த இடத்திலேயே வேர்க்கிறது, மூட்டு வலிக்கிறது, தூக்கமில்லை. இந்தக் குறுவைக்கு அவர்களால் வரிசை பிடிக்க முடியவில்லை; ஏஜெண்டு வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கிவிட்டார். முப்பது வயதில் அறுபது வயது நடை. நான் எதை நிரூபிக்க நினைத்தேனோ, அது இப்போது தெருவில் நடந்து போகிறது. காரணம் மட்டும் வேறாகிவிட்டது.

நேற்று நீங்கள் சாப்பிடப் போயிருந்தபோது செவ்வந்தி இங்கே வந்தாள். ஏட்டு அனுமதித்தார். குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள், அது தூங்கிக்கொண்டிருந்தது. பக்கிரி வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டானாம். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள்.

"அந்த டாக்டரம்மா வீட்டுக்கே வந்துச்சு வேம்பு. என் கையைப் புடிச்சிக்கிட்டு ஒண்ணுமே சொல்லாம உக்காந்திருந்துச்சு. எனக்குப் புரியல. நீ சொல்லு. எனக்கு என்னதான் இருந்துச்சு?"

அவளிடம் இனிப் பொய் சொல்வதில் அர்த்தமில்லை. "ஒண்ணும் இல்ல. நல்லா இருந்துச்சு" என்றேன்.

"எவ்ளோ நல்லா?"

அவளுக்குப் புரிகிற மாதிரி விளக்கினேன். மேல்மாடியில் அவள் வயதில் இருந்த பண்ணை வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். எரித்து, கரைத்து, சுடரில் பார்த்து, திரும்பவும் எரித்துப் பார்த்ததைச் சொன்னேன். "அவளோடதும் உன்னோடதும் ஒண்ணு செவ்வந்தி. துளி வித்தியாசம் இல்ல."

"அது எரிச்சாத்தான் தெரியுமா?" என்றாள். "என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனேடி."

தன்னைப் பற்றித் தானே சொல்வது ஆதாரம் ஆகாது. அதை அவளுக்கு எப்படி விளக்குவது? அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"உனக்கும் எனக்கும் ஒரே வயசு. ஒரே தெரு. ஒரே சோறு தின்னு வளந்தோம். ஏண்டி, உன்னோடதை எடுத்து எரிச்சுப் பாத்திருக்கலாமே?"

படிக்காததால் வருகிற கேள்வி சார் இது. அவளைக் குறை சொல்லவில்லை. நான் அஞ்சாவதுக்குப் பிறகு சேற்றில் காலே வைத்ததில்லை, மின்விசிறிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். விதிமுறைப்படி பார்த்தால் என்னுடையதை எடுத்திருந்தாலும் மேல்மாடிப் பெண்களின் பக்கத்தில்தான் சேர்த்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இளவயது ஏற்கெனவே இருந்தது.